கோணலாக நின்ற கார்

பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வந்த சில நாளிலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். எந்த ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று. என் சொந்தப் பிள்ளைகள் இருவரும் இதையேதான் கேட்டார்கள். வாயால் சொன்னால் டீ குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கேள்விக்குப் பதில் மட்டும் பிழையாக இருக்காது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. தேனியில் நானும் என் அக்கா புருஷனும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கரியடுப்பு மாட்டி அதன் வாயுவில் ஓட்டினார்கள் அல்லவா, அந்த அடுப்பு வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு பெட்ரோல் மெதுவாகத் திரும்பி வந்தது. மாட்டுவதற்குக் கூலி கொடுத்தவர்களே கழற்றுவதற்கும் கூலி கொடுத்தார்கள். கழற்றி முடித்த பிறகு எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

ஒரு பட்டறை இரண்டு குடும்பத்துக்குக் காணாது என்பது மச்சானுக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் லாரி ஓட்ட ஆள் கேட்கிறார்கள், நான் போய்விடுகிறேன் என்றார். என் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் மலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலோடுதான் இறங்குவார்கள்.

"போறதுன்னா நீங்க மட்டும் போங்க. என் பிள்ளைகளக் குளிருக்கும் காச்சலுக்கும் நான் தூக்கிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

"நான் மட்டும் போயி யாரு கையில சோறு திங்க?" என்றார் மச்சான்.

"அதப் போறவுகதான் யோசிக்கணும்."

இப்படி வீடு இரண்டாகிற நிலையில் இருந்தபோதுதான் உத்தமபாளையத்திலிருந்து ராவுத்தர் எங்கள் பட்டறைக்கு வந்தார். தேனிக்கும் குமுளிக்கும் இடையே பஸ் விட்டிருந்தவர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், ராவுத்தர் வீட்டாருக்கும் எங்களுக்கும் முறை வைத்துப் பேசுவது வழக்கம். தம்முடைய பஸ்களையெல்லாம் இனி ஒரே பட்டறையில் பார்க்கக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். எங்களுக்குக் கொடுப்பதா, பெரியகுளத்துப் பட்டறை மேஸ்திரிக்குக் கொடுப்பதா என்பதில்தான் குழப்பம்.

"ஒங்களையும் நல்லாத்தான் சொல்றாக, அவரையும் நல்லாத்தான் சொல்றாக. சொல்லிச் சொல்லியே என்னையக் கொழப்பிட்டாக" என்றார். "அதனால ஒரு வேல செய்யப் போறேன். மலைத் தோட்டத்துல தொரைமாரு போட்டுட்டுப் போன காரு ரெண்டு எங்கிட்டக் கெடக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயசு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. ரயில் ரோட்டுல நின்ன எடத்துல இருந்து கிளம்பி ஓட்டிக் காட்டுங்க. முந்துற ஆளுக்கு பஸ்ஸு."

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "எஞ்சினப் பிரிச்சு மேஞ்சிருவோம் மாமா."

"எஞ்சின்ல கை வைக்கப்படாது. அதுக்கு எங்கிட்ட ஆள் இருக்கு. மலையில ஏறயில என் பஸ்ஸு எல்லாம் பின்னாலதான் படுத்துக்கிடுது. பின்பக்கம் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும். அச்சு, ஸ்பிரிங்கு, சக்கரம். அதுக்குள்ள என்ன வித்த வேணும்னாலும் காட்டுங்க."

ரயில் ரோடு என்று அவர் சொன்னது தேனியிலிருந்து போடிக்குப் போகிற ரயில் மேட்டை. யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஜல்லியை ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். மிச்சமிருந்தது வாய்க்கால் வெட்டியது போல நேரான செம்மண் மேடு. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அதைவிட நேரான தரை வேறு கிடையாது.

கார் வந்து சேர்ந்ததும் மச்சான் முதலில் செய்த காரியம் பின்சீட்டைத் தூக்கி வெளியே எறிந்தது. ஸ்டெப்னி, பின் மட்கார்டு, மேல்கூரை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டைகளை உருவி மெலிதாக்கினார். உங்களுக்குத் தெரியும், ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தான். உருவினால் இளகும், சேர்த்தால் இறுகும்.

மச்சான் ரேக்ளா வண்டிக் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பின்பாரம் ஆகாது. பின்னால் கனம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை அடைக்கும். அது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம்.

"பின்பாரம் வச்சு எந்த வண்டி ஓடியிருக்கு மாப்ள? எங்கப்பா பந்தயத்துக்கு ஏறுறப்ப இடுப்பு அரணாக்கயித்தக்கூட அவுத்து வச்சுட்டுத்தான் ஏறுவாக."

"நல்லவேள, வேட்டிய அவுக்காம விட்டாக" என்றேன்.

ரயில் மேட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். மச்சான்தான் ஓட்டினார். வண்டி ஓட்டுவதில் அவருக்குத்தான் கை சுத்தம். கிளட்சை விட்டதும் கார் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்சக்கரம் இரண்டும் தவளை மாதிரித் தத்தின. தடதடவென்று ஒரே குதி. மச்சானின் தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் விழுந்தது. கார் நகர்ந்த தூரத்தைவிட அது பறந்த தூரம் அதிகம்.

"மச்சான், மாடு முன்னால இருந்து இழுக்குது. இது பின்னால இருந்து தள்ளுது. தள்ளுற காலுக்குக் கனம் வேணாமா?"

அவர் இறங்கிப் போய்த் தலைப்பாகையை எடுத்து உதறினார். "நீ சொல்றது சரிதான். எங்கப்பா கார் ஓட்டல" என்றார். பின்சீட்டும் ஸ்டெப்னியும் மறுபடி உள்ளே ஏறின.

அடுத்தது என் முறை. நான் அறிவாளி அல்லவா, பஸ்ஸின் தடித்த பட்டைகளை எடுத்து இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிவிட்டேன். ஸ்பிரிங் அசையாவிட்டால் சக்கரம் எப்படிக் குதிக்கும் என்பது என் கணக்கு. குதிக்கவில்லைதான். ஆனால் கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டியது. கார் வால் ஒதுங்கி மேட்டின் சரிவுக்கு வந்துவிட்டது. மச்சான் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கெணறு வெட்டுறதுன்னா முன்னாலேயே சொல்லியிருந்தா மண்வெட்டியோட வந்திருப்பேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவருடைய வழியும் தப்பு, என் வழியும் தப்பு. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். வண்டியைப் பார்க்காமல், எங்கள் மண்டைக்குள் இருந்ததை வண்டியில் மாட்டினோம். இன்னும் எதை மாட்டலாம் என்று மச்சான் கேட்டபோது எனக்கு அது உறைத்தது. எதையும் மாட்ட வேண்டாம், பழைய பட்டைகளையே போட்டுவிட்டு இன்னொரு தரம் கிளம்புங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். மேட்டின் சரிவில், சக்கரத்துக்குப் பக்கவாட்டில், கன்னம் தரையில் படும்படி படுத்துக்கொண்டேன்.

அவர் கிளட்சை விட்டார். அந்த ஒரு கணத்தில் ஸ்பிரிங் என்ன செய்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சக்கரம் முன்னால் உருள எத்தனிக்கும்போது அச்சு பின்னால் முறுக்கிக்கொண்டது. அச்சுக்கு முன்னால் இருக்கிற பாதிப் பட்டை கூனல் போட்டு எழும்பியது. பிறகு பட்டென்று நிமிர்ந்தது. திரும்பவும் கூனியது. தவளைக் குதி வந்த இடம் அதுதான். அச்சுக்குப் பின்னால் இருந்த பாதி பாவம், எந்த வம்புக்கும் போகாமல் சும்மா இருந்தது.

ஆக முழு ஸ்பிரிங்கையும் இறுக்கவும் வேண்டாம், இளக்கவும் வேண்டாம். முன்பாதியை மட்டும் கட்டினால் போதும். வண்டிச் சக்கரத்துக்கு அடிக்கிற இரும்புப் பட்டாவை வளைத்து, போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் முன்பாதிப் பட்டைகளைச் சேர்த்து முடுக்கினோம். பின்பாதி அதன் பாட்டுக்கு விரியட்டும், சுருங்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது கிளம்பியபோது குதி அடங்கிவிட்டது. கார் ஒரு முக்கு முக்கிவிட்டு ஓடியது.

ஆனால் தரையில் தடத்தைப் பார்த்தபோது வலது சக்கரம் சுரண்டியிருந்தது. இடது சக்கரத்தின் தடம் அழகாகப் பதிந்திருந்தது. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குப் போகிற தண்டு வேகமாகச் சுழலும்போது அச்சையும் ஒரு பக்கமாக முறுக்குகிறது. அதில் வலது சக்கரம் தரையில் அழுந்தாமல் லேசாகிவிடுகிறது. அதனால் வலது பக்க ஸ்பிரிங்குக்கு மட்டும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டேன். சுரண்டல் நின்றது. கார் அம்பு மாதிரி நேராகப் போனது. மச்சான் திரும்பி வந்து இறங்கி, சந்தோஷமாகக் காரைச் சுற்றிவந்தார். பின்பக்கம் வந்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏன் மாப்ள, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"ஒரு பட்ட கூடுதலா இருக்குல்ல. நின்னா அப்படித்தான் நிக்கும்."

"பந்தயத்துக்கு வர்றவன் மொதல்ல மாடு நிக்கிற நிலையத்தான் பாப்பான். இது கால் ஊனம் மாதிரி நிக்குது."

ஓடுகிறதைப் பார்ப்பார்கள், விடுங்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

பந்தய நாளன்று ரயில் மேட்டின் இரண்டு பக்கமும் சனம் கூடிவிட்டது. சந்தைக்கு வந்த மாட்டுத் தரகர்கள் எல்லாம் கார் பார்க்க வந்திருந்தார்கள். பெரியகுளத்து மேஸ்திரியின் கார் வாழை இலையில் தண்ணீர் தெளித்தது போலப் பளபளவென்று நின்றது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும், அவ்வளவு சமம். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே தேக்குக் கட்டையைச் சீவி அடைத்திருந்தார். ஸ்பிரிங் அசைய வழியே இல்லை; நான் இறுக்கிய பட்டைகளைப் போல அல்லாமல், அந்தக் கட்டை அச்சை முறுக்கவும் விடாது. கட்டையைச் செதுக்கியிருந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. நல்ல வேலைக்காரர் அவர். சமதரையில் அந்தக் காரை எங்களால் முந்தியிருக்க முடியுமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் கார் மேடேறி வந்து நின்றதும் ஒரு தரகர், "ஏப்பா, இந்தக் காளைக்கு லாடம் ஒரு பக்கம்தான் அடிச்சீகளா?" என்றார். கூட்டம் சிரித்தது.

மேஸ்திரி கேலிக்காரர் இல்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, எடது டயர்ல காத்து எறங்கியிருக்கு போல. எங்கிட்ட பம்பு இருக்கு. வேணுமா?"

"காத்தெல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

அதற்குள் ராவுத்தரே வந்துவிட்டார். குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகமும் சரியில்லை.

"இது என்னப்பா கோலம்? இப்படி நிக்கிற வண்டிய நம்பி எப்படி நான் பஸ்ஸக் குடுக்க? நேரம் தாரேன். நேராக்கிட்டு வந்து ஓட்டுங்க."

முடிவு சொல்ல வேண்டியவரே இப்படிச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகப்போனார். நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"விடு மாப்ள. அந்த ஒத்தப் பட்டைய உருவிருவோம். மாமா மொகத்தப் பாத்தேல்ல?"

"உருவுனா வலது சக்கரம் சுரண்டும் மச்சான்."

"சுரண்டினா சுரண்டட்டும். தோத்தா நீ இங்கனதான் இருப்ப. பிள்ளைகள விட்டுட்டு மலைக்குப் போறவன் நானு."

அவர் சொன்னது நியாயம். தோற்றால் வலி அவருக்கு. அப்படியென்றால் முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டேன்.

"உருவுங்க, நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உருவுங்க. கடைசியா ஓட்டிப் பாத்தீகளே, அப்ப ஸ்டியரிங்கு ஒங்க கையில எப்படி இருந்துச்சு?"

அவர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

"கைய விட்டாலும் நேராப் போயிருக்கும்" என்றார் கடைசியில்.

"ஒங்க கை சொல்றதக் கேக்கப் போறீகளா, மாட்டுத் தரகன் கண்ணு சொல்றதக் கேக்கப் போறீகளா?"

அவர் எழுந்தார். ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். தலைப்பாகையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ராவுத்தரைப் பார்த்துச் சொன்னார்: "மாமா, நாங்க இப்படியே ஓட்டுறோம். தோத்தா மாப்ளைய ஒண்ணும் சொல்லாதீக. இது நான் எடுத்த முடிவு."

ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்தினார். கீழே விட்டார்.

மேஸ்திரியின் கார் முதலில் புறப்பட்டது. அதில் சந்தேகமில்லை, அதன் மூக்கு எங்களுக்கு முன்னால் போவதை நான் பார்த்தேன். எங்கள் கார் பின்னால் ஒரு அழுத்து அழுந்தியது. அழுந்தியபோது வலது பக்கம் தூக்கியிருந்தது இறங்கி, முதுகு ஒரே சமமாக ஆனது. அந்தச் சமத்தோடு அது பிடித்துக்கொண்டு ஓடியது. பாதி தூரத்தில் வயல்காரர்கள் வண்டி ஓட்டிக் கடக்கிற இடம் ஒன்று உண்டு. குறுக்கே சக்கரத் தடங்கள் காய்ந்து கிடக்கும். மேஸ்திரியின் கார் அங்கே போனதும், அசைய வழியில்லாத பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. எழும்பி இறங்கி, எழும்பி இறங்கி அது தவித்த நேரத்தில் எங்கள் கார் பின்பாதிப் பட்டைகளை விரித்துச் சுருக்கி அந்தத் தடங்களை விழுங்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் ஒரு வண்டி நீளத்துக்கு மேலேயே இடைவெளி இருந்தது.

மச்சான் காரிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார். நானும் தூசிதான் என்றேன்.

மேஸ்திரி வந்து எங்கள் காருக்கு அடியில் படுத்து முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்தார். "முன்பாதிய மட்டும் கட்டியிருக்கீக" என்று சொல்லித் தலையாட்டினார். அதோடு சரி. பிற்காலத்தில் அவரும் நாங்களும் எத்தனையோ சாமான்களைக் கைமாற்றிக்கொண்டோம்.

ராவுத்தர் சொன்ன சொல் தவறவில்லை. "பஸ்ஸு ஒங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. என் பஸ்ஸுல பொம்பளைக, பிள்ளைக ஏறுவாக. அது நிக்கிறப்பவும் நேரா நிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தையின் கனம் மறுநாளே தெரிந்தது. முதல் பஸ் பட்டறைக்கு வந்து நின்றது. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மச்சான் அதன் அடியில் புகுந்து, வண்டிப்பட்டா இரும்பை வளைத்து ஸ்பிரிங்கின் முன்பாதியில் மாட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கத்துக்குக் கூடுதல் பட்டையும் தயாராகப் பக்கத்தில் கிடந்தது. ஏதோ பாட்டு வேறு.

"என்ன மச்சான் இது?"

"நம்ம வித்ததான். பஸ்ஸும் அம்பு மாதிரிப் போகணும்ல?"

"பஸ்ஸு என்ன வேல பாக்குது மச்சான்?"

பாட்டு நின்றது. தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னார்: "ஆள ஏத்துது. மலையேறுது. எறங்குது."

"பந்தயத்துல நின்ன எடத்துல இருந்து ஒரு பாய்ச்சல், அம்புட்டுத்தான். இது நாளெல்லாம் வாழத்தாரையும் கெழவிகளையும் ஏத்திக்கிட்டுக் குலுங்கணும். முன்பாதியக் கட்டினா எல்லாக் குலுக்கலும் மேல இருக்கிறவுக இடுப்புலதான் எறங்கும்."

மச்சான் போல்ட்டைத் திருப்பிக் கழற்றத் தொடங்கினார். அதன்பிறகு அந்தப் பஸ்ஸை நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததை மறந்துவிட்டுப் பார்த்தோம். எந்தப் பட்டை சோர்ந்திருக்கிறது, எந்த வளைவில் அது சாய்கிறது, சுமை ஏறினால் எங்கே அழுந்துகிறது என்று டிரைவரிடமும் கண்டக்டரிடமும் கேட்டுக் கேட்டு அடுக்கினோம். ரொம்ப நாள் பிடித்தது. பொறுமையாக இருந்தார் ராவுத்தர்.

அதனால்தான் எந்த ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று நீங்கள் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. அந்த வண்டி என்ன வேலை பார்க்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். நான் உங்களைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

பஸ் ஓடத் தயாரானபோது அதைச் சோதித்துப் பார்க்க மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குமுளிக்கு டிக்கெட் எடுத்தார். பின்னச்சுக்கு நேர் மேலே, யாரும் உட்கார விரும்பாத கடைசி சீட்டில் நால்வரும் உட்கார்ந்து போனார்கள். கூடலூர் தாண்டி வளைவுகளில் ஏறும்போது அக்கா இளைய பிள்ளையை மடியில் போட்டபடி தூங்கிவிட்டாளாம். சாயங்காலம் நால்வரும் அதே பஸ்ஸில் திரும்பி வந்து பட்டறை வாசலில் இறங்கினார்கள்.

"மல எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

"எங்கடா பாத்தேன். இந்த மனுசன் கட்டுன ஸ்பிரிங்கு தொட்டில் மாதிரி இருக்கு" என்றாள்.

மச்சான் மலைக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.